ஏச்சுக் காக்காவை வெளியே போகச் சொன்ன கூட்டம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தவள். ஐந்து என் வயிற்றில் பிறந்தது, இரண்டு மௌத்தாகிப்போன என் தங்கச்சி விட்டுப்போனது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் நல்ல ஏச்சு எது, சப்பை ஏச்சு எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்: கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஏச்சுக் காக்காவைப் போல ஏசத் தெரிந்த மனிதர் பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் அவருக்குக் கிட்ட வரமாட்டார்.

அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்; ஊருக்கே அவர் ஏச்சுக் காக்காதான், உண்மைப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். பஸ் நிற்காமல் போனால் ஏசுவார். நின்றால், "என்னத்துக்கு இவ்வளவு அங்கால கொண்டு நிப்பாட்டின?" என்று ஏசுவார். என் மூத்த மகளின் கலியாணத்தில் சஹன் தட்டைச் சுற்றி நாலைந்து பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "இறைச்சி இப்பிடி மெத்தெண்டு இரிந்தா மனிசன்ட பல்லுக்கு என்னகா வேலை?" என்று என் சம்பந்திமாருக்கு முன்னாலேயே ஏசினார். ஏசிக்கொண்டே எழும்பிப் போய் அடுத்த சஹனிலும் உட்கார்ந்தார்.

எங்கள் இருவருக்கும் வயல் இறக்காமத்துப் பக்கம். நடுவில் ஒரே ஒரு வரம்பு. என் புருஷன் போன பிறகு வயலை நான்தான் பார்த்தேன். வரம்பில் நின்று அவர் எனக்கு ஏசாத போகம் கிடையாது.

"புள்ள, இது என்ன வேளாண்மையா, கிழவன்ட தாடியா?"

"உங்கட தாடியை விட அடர்த்திதான், காக்கா."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் வெளிநாட்டுக்காரர் பிடித்துக்கொண்டு போய்ப் பணிப்பாளர் சபையில் உட்காரவைத்தார்கள். உலகம் முழுக்க மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் காட்டு மிருகங்களுக்கும் வேலை செய்கிற பெரிய அமைப்பாம். எல்லாம் ஒரு வீடியோவால் வந்த வினை. ஒரு மாலை நேரம் கொம்பன் ஆனை ஒன்று வயலுக்குள் இறங்கிவிட்டது. காக்கா அதற்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டி நீட்டி ஏசுகிறார்: "வெக்கமில்லையாடா உனக்கு? இவ்வளவு பெரிய உடம்பை வெச்சிக்கிட்டு களவா தின்ன வந்திரிக்காய்? உழைச்சுத் தின்னேலாதா?" ஆனை காதை ஆட்டுகிறது, கொஞ்சம் யோசிக்கிறது, திரும்பிப் போகிறது. இதை யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது ஊர் ஊராகச் சுற்றிக் கடல் தாண்டிப் போய்விட்டது. அவருக்குப் பின்னால் எங்கள் வட்டையில் வயல் செய்கிறவர்கள் பத்துப் பேர் நின்று ஆனை வெடி கொளுத்தியது மட்டும் வீடியோவில் இல்லை.

புதிய உறுப்பினர்கள் என்று படங்களோடு அறிவிப்பு வந்தது. காக்காவின் படத்துக்குக் கீழே "யானைகளோடு உரையாடுபவர்" என்று இங்கிலீசில் போட்டிருந்ததாக என் பேத்தி றிஸ்னா வாசித்தாள். உரையாடலாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் சொந்தப் பெண்டாட்டியோடேயே உரையாடியதில்லை.

கூட்டம் கம்பியூட்டரில்தான் நடக்கும். றிஸ்னா பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறவள் என்பதால் மொழிபெயர்ப்பு அவள் தலையில் விழுந்தது, கூட்டம் என் வீட்டு ஹோலில் விழுந்தது. முதல் கூட்டத்துக்குக் காக்கா மருதமுனைச் சாரன் உடுத்து, தொப்பி போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்தார்.

"கம்பியூட்டர்ல வாசம் போகாது, காக்கா" என்றேன்.

"போகாட்டி நட்டம் அவனுகளுக்கு."

புதிய ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். பாம்பு வைத்தியம் பார்க்கும் ஒருவர். பெரிய பணக்காரச் சீமாட்டி ஒருவர். மிருகக்காட்சிச்சாலை நடத்தும் ஒருவர், தன்னுடைய ஆனைகளைத் தினமும் குளிப்பாட்டி ஆப்பிள் கொடுப்பதாகச் சொன்னார்.

"ஆப்பிளா?" என்றார் காக்கா. "எங்கட ஆனைக்கு நாங்க நெல்லு, கரும்பு, வாழை எல்லாம் குடுக்கிறம். அதுக்கு எங்களை ஆரும் மெச்சின இல்ல. சரி, அதை விடு மகள். இவங்கட வயல் எந்தப் பக்கம் எண்டு கேள்."

ஒருவருக்கும் வயல் இல்லை.

"வயலுமில்ல, வாசல்ல ஆனையுமில்ல. பின்ன இவங்க கூட்டத்துக்கு என்னத்துக்கு வந்திரிக்காங்க?"

றிஸ்னா ஒரு சின்ன வசனம் சொன்னாள். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

"இவ்வளவு ஏச்சுக்கும் இங்கிலீசில இத்தினிதானா?" என்று கேட்டேன்.

"இங்கிலீசு சுருக்கமான பாசை, மூத்தம்மா" என்றாள் கள்ளி.

அடுத்த கூட்டத்தில்தான் எங்கள் தலைக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆனைக்கு மின்வேலி போட அந்த அமைப்பு உதவுவதாக இருந்தது. வேலி எந்த வழியால் போவது என்று அன்றைக்கு முடிவெடுக்க வேண்டும். காட்டின் ஓரமாகப் போட்டால் நீளம் கூட. கடைசி வாய்க்காலோடு போட்டால் நீளம் குறைவு. ஆனால் வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற வயல்கள் ஆனையின் பக்கம் போய்விடும். அதில் என் வயல் ஒன்று, அதற்கு அடுத்ததாகக் காட்டோடு ஒட்டினாற்போல் காக்காவின் வயல். இரண்டு போகம் ஏற்கனவே ஆனையின் வயிற்றுக்குள் போயிருந்தது. வேலி வாய்க்காலோடு வந்தால் ஊருக்குள் போக வழியில்லாத ஆனையெல்லாம் என் வயலில்தான் நிற்கும். ஏழு பேருக்கும் சோறு போட்ட வயல் அது.

காக்கா சபையில் இருக்கிறார், பேசுவார் என்ற தைரியத்தில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சபைத் தலைவி ஏதோ சொன்னாள். றிஸ்னாவின் முகம் மாறியது. காக்காவின் பக்கம் திரும்பினாள்.

"மூத்தவாப்பா, இந்த வேலியால லாபம் வாறவங்க இந்தப் பேச்சில இரிக்கேலாதாம். வெளிய போகட்டாம். அது அவங்கட சட்டமாம்."

"ஆரு வெளிய?"

"நீங்கதான்."

எங்கள் வட்டைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவன்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். தண்ணீர் கடைசியாகப் போவது அவனுக்கு, அதனால் பேச்சு அவனிடமிருந்து தொடங்கும். அந்த வட்டையில் வயல் இல்லாதவன் எழும்பினால், "நீ இருகா, உனக்கென்ன நட்டம்?" என்று இருத்திவிடுவார்கள். இவர்களோ நட்டப்படுகிறவனை வெளியே அனுப்பிவிட்டு, நட்டமில்லாதவர்கள் இருந்து கதைக்கிறார்கள்! நோயாளியை வாசலில் இருத்திவிட்டு அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று வைத்தியர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதுபோல. படித்தவர்களாம்.

கம்பியூட்டரில் எல்லா முகமும் மறைந்து சாம்பல் நிறமாகிவிட்டது. காத்திருங்கள் என்று மட்டும் எழுத்து. காக்கா அந்தச் சாம்பல் நிறத்துக்கு ஏசத் தொடங்கினார். "என்ட வாப்பாட காலத்திலிருந்து ஆனைகூட என்னை வெளிய போ எண்டு சொன்ன இல்லடி!" என்றார். நானும் சேர்ந்து ஏசினேன். பிறகு திடீரென்று அவருடைய சத்தம் நின்றுவிட்டது. நான் பயந்தே போனேன். ஏச்சுக் காக்கா வாயை மூடிக்கொண்டு இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"புள்ள, உன்ட வயலுக்கும் என்ட வயலுக்கும் நடுவில ஒரு வரம்புதானே?"

"ஓம், காக்கா. தெரியாதா உங்களுக்கு?"

"றிஸ்னா, அவங்களுக்கு எழுது. வேலியை அந்த வரம்பில போடட்டாம். என்ட வயல் வெளிய கிடக்கட்டும். இப்ப எனக்கு ஒரு லாபமுமில்ல. நான் உள்ள வரலாமா எண்டு கேள்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "காக்கா, என்ட வயலுக்காக நீங்க…"

"உன்ட வயலுக்கு எண்டு ஆரு சொன்ன? நான் கூட்டத்தில கதைக்கோணும். அதுக்குத்தான். நீ போய்த் தேத்தண்ணிக்குச் சீனியைப் போடு, கஞ்சப் பிசினாறி!"

கொஞ்ச நேரத்தில் முகங்கள் திரும்பி வந்தன. தலைவி, அவர் பேசலாம் என்றாள். காக்கா தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச ஒரு மனிசி இரிக்கா. கெட்ட வாய். தேத்தண்ணிக்குச் சீனி போடத் தெரியா. ஆனா அந்த வேளாண்மையில ஏழு பேரை ஆளாக்கினவ, ஒருத்தர்ட வாசல்லயும் போய் நிண்ட இல்ல. இவவை வேலிக்கு அங்கால ஆனையோட விட்டீங்கண்டா, எனக்குப் பயம் ஆனையை நினைச்சுத்தான்."

றிஸ்னா இந்த ஒரு ஏச்சைச் சுருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், நடுவில் ஒருக்கா மூக்கை உறிஞ்சினாள். அங்கே ஒவ்வொரு கையாக உயர்ந்தது. வேலி எங்கள் வரம்பில் வந்தது.

என்னிடம் ஒரு சொல் கேட்டாரா? என் வீட்டு ஹோலில் இருந்துகொண்டு, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, தன் வாப்பா வெட்டித் திருத்திய பூமியை ஆனைக்கு விட்டுக்கொடுக்க இவருக்கு யார் அனுமதி தந்தது? யாரிடமும் ஒரு கைப்பிடி நெல் வாங்காத என்னை இப்படி ஆக்கிவிட்டாரே என்று நான் எத்தனை நாள் கொதித்தேன் தெரியுமா? அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன். "கல்லு கிடக்கு, பதர் கிடக்கு" என்று ஏச்சு வந்தது. வெறும் சாக்கும் வந்தது. அரிசி வரவில்லை.

அதன் பிறகு பின்னேரங்களில் வேலிக்கு இந்தப் பக்கம், என் வயலில் நின்று, தன் வயலில் நிற்கிற ஆனைகளுக்கு ஏசுவார். "வரம்பை மிதியாதடா! என்ட வாப்பா கட்டின வரம்பு!" ஆனைகளும் அங்கேயே நின்று கேட்கும். அந்தப் பக்கம் வெடி கொளுத்த இப்போது யாரும் இல்லை.

போன நோன்பில் அவர் மௌத்தானார். வெளிநாட்டிலிருந்து அனுதாபம் வந்தது: "யானைகளின் நண்பர்." நண்பராம்! சபையில் அவர் இருந்த கதிரைக்குப் புது ஆள் எடுக்கப்போகிறார்களாம். எடுக்கட்டும். ஆனால் அந்த ஆளையும் நட்டம் வருகிற நேரத்தில் வெளியே அனுப்புவதென்றால், எதற்கு அந்தக் கதிரை? ஒரு ஆனைப் பொம்மையை வைத்தால் போதுமே!

போன கிழமை வயலுக்குப் போனேன். காக்காவின் வயலில் அந்தக் கொம்பன் நின்றது. வேலியைப் பார்த்தபடி, எதையோ எதிர்பார்ப்பதுபோல நெடுநேரம் நின்றது. யாரும் ஏசாமல் அது போகாது போலிருந்தது. அதனால் நானே வரம்பில் ஏறி நின்று ஏசிப் பார்த்தேன்.

சப்பை ஏச்சு. அது காதைக்கூட ஆட்டவில்லை.

றிஸ்னா, இஞ்ச வா மகள், இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எங்கேயாவது அந்த மனிதரைப் புகழ்ந்து எழுதியிருந்தால் சொல்லு, வெட்டிவிட வேண்டும். கேட்டால் ஏசுவார்.