முகத்துவாரத்தில் ஒரு பொது மடங்கு

நாம் சொல்வதை ஊர் நம்ப வேண்டும் என்று ஏங்காத ஆசிரியர் கிடையாது. என் ஊர் என்னை நம்பியது. அந்தக் கதியை என் எதிரிக்கும் நான் வேண்டமாட்டேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். எழுபதுகளின் கடைசியில் பயிற்சி முடித்து, எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியிலேயே ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக வந்தேன். (தெருவில் நடக்கும்போது தலை தானாக நிமிர்ந்துகொள்ளும். கழுத்து வலி வேறு.) கணக்கைக் கையில் தொட்டுக் காட்டினால் மனதில் ஒட்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் இருந்த ஒரே உபகரணம் உடைந்த அடிக்கோல். நான் சிப்பி பொறுக்கினேன்.

பாடம், மீச்சிறு பொது மடங்கு. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஏரியை வரைந்தேன். வெள்ளைச் சிப்பி எங்கள் நைனாவின் வலை. (பெருமை யாரை விட்டது?) பழுப்புச் சிப்பி, முன் வரிசையில் இருந்த ஏழுமலையின் அப்பா வலை.

"வெள்ளை நாலு நாளுக்கு ஒருதரம் முகத்துவாரத்துக்கு வரும். பழுப்பு ஆறு நாளுக்கு ஒருதரம் வரும். ரெண்டும் ஒண்ணா வர்றது என்னிக்கு?"

வகுப்பு என்னைப் பேயைப் போலப் பார்த்தது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். இரண்டு வலை ஒரே இடத்தில் விழக்கூடாது என்பதற்காகவே ஏற்பட்டது பாடு. அந்த ஊரில் பிறந்து அந்த மீனைத் தின்று வளர்ந்த நான், இரண்டும் என்றைக்கு விழும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அது எப்டி டீச்சர்? அன்னிக்கு எங்க பாடுன்னா உங்க நைனா இன்னாத்துக்கு வர்றாரு?" என்றான் ஏழுமலை.

"டேய், இது கணக்கு. கணக்குல பாடெல்லாம் கிடையாது. நகர்த்திப் பாரு."

நகர்த்தினான். பன்னிரண்டாம் நாள் இரண்டு சிப்பியும் டக்கென்று இடித்துக்கொண்டன. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது: பன்னிரண்டாம் நாள் நைனா அடுத்தவன் பாட்டில் வலை போடப் போகிறார். சொன்னது அவர் மகள். பாடெல்லாம் கிடையாது என்றும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. பாட்டை மீற நினைத்தவனுக்கு அடுத்த முறை கிடையாது. நைனாவுக்கு முறை போனால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. நான் பயந்தேனா? இல்லை. சிப்பிகளை எடுத்துக்கொண்டு போனேன். விளக்கினால் புரியாதா என்ன!

மணலில் உட்கார்ந்து, ஊர்ப் பெரியவருக்கு முன்னால் பொறுமையாக நகர்த்திக் காட்டினேன்.

"புரியுதுங்களா?"

"நல்லாப் புரியுதும்மா. அப்போ பன்னண்டாம் நாளு உங்க நைனா வர்றான்."

"இல்லீங்க, வரமாட்டாரு."

"அப்போ கணக்கு தப்பா?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். எந்த மகளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் நான் டீச்சர்.

"கணக்கு தப்பாவாதுங்க. கணக்குப்படி வருவாரு."

நைனா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் படிக்க வச்சேன்" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தீர்ப்பு உடனே வந்தது. நைனாவுக்கு அடுத்த முறை கிடையாது. எனக்கும் ஒன்று சொன்னார் பெரியவர்: "கணக்கு சொல்லணும்னா பக்கத்தூரு திருப்பாலைவனத்து நெல்ல வச்சு சொல்லு. ஏரிய விட்டுடு தாயி."

அந்தச் சுற்று முழுக்க நைனா மற்றவர்களின் படகுகள் போவதைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அம்மா விடவில்லை. "கஞ்சிக்குத் தொட்டுக்க இன்னாடி வச்சிருக்க, சிப்பியா?" என்று தினமும் கேட்டாள். வகுப்பிலோ ஏழுமலை எழுந்து நின்று, "அப்போ இருபத்திநாலாம் நாளும் வருவாரா டீச்சர்?" என்றான். பாடம் அவ்வளவு தெளிவாகப் புரிந்திருந்தது. அதை நினைத்து அழுதேன்.

சில வருடம் கழித்து அனுப்பம்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாக என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு. எந்த நாள் தோதுன்னு நீயே சொல்லும்மா."

நைனா பாயிலிருந்து துள்ளி எழுந்தார். "சம்பந்தி, வேற எது வேணா கேளுங்க, சொல்லும். நாள் மட்டும் கேக்காதீங்க. சொல்லிட்ச்சின்னா பெத்தவனுக்காகக்கூட மாத்தாது!"

சிப்பிக் கதையை அவர் துண்டும் கையுமாகச் சொல்ல, வீடே அதிரச் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் அதிகம் சிரித்தார். இன்றும் எங்கள் வீட்டில் காது குத்தலுக்கும் சீமந்தத்துக்கும் பால்காரர் வரை கேட்டு நாள் வைக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால், என் கணவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்.