இறங்காத இருபத்திரண்டு கிலோ

"பொய் சொல்றீங்க சார்..."

"யாரு, நானா? தொண்ணூத்தாறு கிலோ! காலையிலதான் மெஷின்ல ஏறிப் பார்த்தேன்..."

"அப்ப இந்த ஃபோர்க் பொய் சொல்லுதா?"

கணக்கு வாத்தியார் மலைச் சைக்கிளின் மேல் உட்கார்ந்தபடியே முறைத்தார். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த மெக்கானிக், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை முறைத்தார். அதற்குள் காற்று அடைத்திருக்கிறது. ஆள் ஏறினால் அமுங்கும். எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதன் காலில் ஒரு ரப்பர் வளையம். தொண்ணூற்றாறு கிலோவுக்கு அடைத்த காற்றில் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் சரி. ஐந்து நகர்ந்திருந்தது.

"இப்படியே மலையிறங்கினா, முதல் பள்ளத்துலயே உங்களைத் தூக்கி வீசிடும்."

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் எல்லாரும் சைக்கிளில் மலைக்குப் போகிறார்கள். போன வருடம் இவரை மட்டும் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்த அவமானம் தாங்காமல்தான் ஆறு மாதமாக வாயைக் கட்டினார். பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள் போட்டாயிற்று.

"பையைக் கழட்டுங்க."

கழற்றினார். ஐந்து.

"ஷூவை?"

"ஏம்ப்பா, தோலையும் உரிச்சிடவா?"

அப்போதும் ஐந்து.

பம்ப் மீட்டர்தான் கோளாறு என்று மெக்கானிக் தன் எடைக்குக் காற்றை வைத்துத் தானே ஏறினார். வளையம் மூன்றில் வந்து நின்றது, சொல்லி வைத்தாற்போல.

காற்றே இல்லாத மதியத்தில், கூரையில் தொங்கிய பழைய சக்கரம் ஒன்று மெல்லச் சுற்றியது.

மெக்கானிக் பம்ப்பை அடித்தார். நூற்றைந்து கிலோவுக்கு. வாத்தியார் ஏறினார், போதவில்லை. நூற்றுப் பன்னிரண்டுக்கு. போதவில்லை. இன்னும் அடித்தார். வளையம் மூன்றில் நின்றது.

"சார், நூத்திப் பதினெட்டுக்குக் கச்சிதமா நிக்குது."

வாத்தியார் குனிந்து வளையத்தைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன் அவர் எடை அதுதான். இந்தக் கடையில் அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"இருபத்திரெண்டு கிலோ குறைச்சேம்ப்பா..."

மெக்கானிக் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "குறைச்சது எங்க சார் போச்சு?"

வாத்தியார் இதைக் கணக்காக யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தார். கொஞ்ச நாளாக மேட்டில் மிதிக்கும்போது பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. தன் மூச்சுதான் என்று இருந்துவிட்டார். ஆனால் பிடரியில் எப்படித் தன் மூச்சு படும்?

"இறங்கச் சொல்லிப் பாருங்க சார். வகுப்புல சொல்ற மாதிரி."

வாத்தியார் கீழே இறங்கி, காலி சீட்டைப் பார்த்து விரலை நீட்டினார். "இறங்கு! எழுந்திரு, வெளியில போ!"

மறுபடி ஏறினார். வளையம் மூன்றைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு போய் நின்றது.

"கோபம் வந்து அழுத்தி உட்கார்ந்துடுச்சு போல," என்றார் மெக்கானிக்.

"என்னங்க, கையுறையை மறந்துட்டு..." என்று உள்ளே வந்த வாத்தியாரின் மனைவி, புருஷன் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்ன ஆச்சு?"

"நூத்திப் பதினெட்டு காட்டுதும்மா. நான் மட்டும் இல்ல. கூட என்னமோ உட்கார்ந்திருக்கு."

மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "திட்டாதீங்க. நம்ம எடை மெஷினுக்கு அடியில ஒரு திருகு இருக்கு. நீங்க சோர்ந்து போறீங்களேன்னு நான்தான் முள்ளைக் குறைச்சு வச்சேன்."

வாத்தியார் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. "அப்ப நான் இன்னும் குண்டுதான்! நான் மட்டும்தான்!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். மெக்கானிக்கும் பம்ப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

புருஷனுக்கு மனசு உடைந்துபோய்விட்டது என்று மனைவி பயந்துவிட்டார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க! நான் திருப்பினது வெறும் நாலே கிலோ. மீதிப் பதினெட்டும் நீங்க நிஜமாவே குறைச்சது."