சோளப் பை வெந்த கதை

ஞானசீலன் தன் முதலாளி தணிகைவேலுக்குத் தர வேண்டிய கடன் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். மகள் ஃபீபியின் நர்சிங் படிப்புக்கு வாங்கியது. இன்றைக்கு இந்த டேங்குக்கு ஏதாவது ஆனால் அந்தச் செலவும் தன் தலையில்தான் ஏறும் என்று பயந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே சுழல வேண்டிய கலக்கி நின்றுபோயிருந்தது.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய கொட்டகை அது. மக்காச்சோளத்தில் செய்த மக்கும் பைகளை அந்த டேங்கில் காஸ்டிக் சோடா கலந்த காரத்தண்ணீர் விட்டு வேகவைப்பார்கள். பை கரைந்து ஆசிட்டாகி, குழாய் வழியே பூட்டிக் கிடக்கும் பின்கட்டுக்குப் போகும். அங்கே கேனில் அடைத்து, தோல் பதனிடும் டேனரிக்கு அனுப்புவார்கள். இதைக் கண்ணால் பார்க்க அன்றைக்கு வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்தரிம்மா, சாதா பிளாஸ்டிக் எதுனா கலந்துடுச்சா?"

பை பிரிக்கும் அக்தரி பேகம் மூக்கைச் சுற்றியிருந்த துப்பட்டாவை இறக்கினார். "எல்லாப் பையும் பிரியாணி மசாலாவுல முங்கி வருது. எது சோளம், எது சாதான்னு நக்கியா பாக்கறது?"

ஞானசீலன் சூட்டைக் கூட்டினார். சாதா பைகள் உருகிக் கலக்கியை இறுகச் சுற்றிக்கொண்டன.

டேனரியில் பாதி ஆயுசு டிரம் ஓட்டியவர் அவர். அங்கே தோல் சிக்கிக்கொண்டால் டிரம்மைத் திருப்பி ஓட்டுவார்கள். மோட்டாரைத் திருப்பி ஓட்டினார். கடகடவென்று பல் சக்கரம் உடைந்தது.

"ஐயோ, ஊதிக்கினு வருதுண்ணே!" என்று கத்தினார் அக்தரி பேகம்.

"தோலு ஊதுனா உப்பு போடணும். அந்த மூட்டய எடு."

"இது தோலாண்ணே? பை!"

"பேஜார் பண்ணாத, எடு!"

உப்பு கரையாமல் போய்க் குழாயின் வாயில் உட்கார்ந்துகொண்டது. வெளியே போக வழியில்லாத குழம்பு விளிம்பு தாண்டி வழிந்தது. பிரியாணி வாசத்துக்கு வந்து நின்ற தெருநாய்கள் இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பின.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது.

தணிகைவேல் டேங்கைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு, எழவு வீட்டுக்காரர் மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் அவர் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

ஞானசீலன் முதலாளி முன்னால் போய் நின்றார். ஃபீபியின் அடுத்த வருஷப் பீஸ் போயேபோச்சு.

"நான்தான் கெடுத்துட்டேன் மொதலாளி. சம்பளத்துல புடிச்சிக்குங்க."

தணிகைவேல் அவர் தோளில் கை வைத்தார். "வுடுய்யா. இனிமே டேங்க ஓட்டவே வேணாம். அந்தப் பழைய கடன் இருக்குல்ல? அதையும் வுட்டுட்டேன். வூட்டுக்குப் போய்ப் படு."

ஞானசீலனுக்கு அழுகை வந்துவிட்டது. "இயேசப்பா! இப்படி ஒரு மனுஷன் வயித்துல அடிச்சிட்டேனே அக்தரிம்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் தூங்கறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஞானசீலன் கேட்டுக்கு வந்தார். ஆசிட் கேன்களை டேனரிக்கு ஏற்றிப்போகும் டிரைவர் தபரேஸ் லாரியிலிருந்து தலையை நீட்டினான்.

"வெள்ளக்காரங்க போய்ட்டாங்களா ஞானண்ணே? கேன்ல ஊத்தறதுக்குக் கடையில வாங்குன ஆசிட்ட வச்சிக்கினு காலையிலேந்து பெட்ரோல் பங்காண்ட ஒளிஞ்சிக்கினு கெடக்கறேன். பின்கட்டத் தொறக்கச் சொல்லு, மத்த மாசமெல்லாம் நீ சர்ச்சுக்குப் போற நேரத்துலயே எறக்கிட்டுப் போய்டுவேன்!"