குடும்பத் தலைவர் இருந்த படகு

வரியைக் குறைக்க வழி தெரியவேண்டும் என்றால் கணக்காளரிடம் போவது வீண்செலவு. லண்டனில் நம்மவர் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போய், கட்லட் தட்டுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். இலவசமாகவே நாசமாகலாம். நான் அப்படித்தான் ஆனேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வெம்பிளியில் ஒரு பலசரக்குக் கடை, மனைவி வாணி, இரண்டு பிள்ளைகள், எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்ற திடமான நம்பிக்கை. (என் சொத்துகளில் அதற்கு மட்டும் அரசாங்கம் வரி கேட்கவில்லை.) எங்கள் வீட்டுக் குசினியில் சமைக்க இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்கவேண்டும். அதைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவதற்காக வாணி ஒன்பது வருடம் பணம் சேர்த்தாள். நகை வாங்கவில்லை, ஊருக்குப் போகவில்லை. வரப்போகும் குசினியைத் தானே வரைந்து, அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாள்.

மேற்படி விழாவுக்கு நியூ ஜெர்சியிலிருந்து என் மச்சான் வந்திருந்தான். படகு வாங்கினால் அது இரண்டாவது வீடு என்று கணக்காம். படகுக் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமாம். தன் படகின் படத்தையும் காட்டினான்.

"ஆனா ஒண்டு மச்சான், பெட், கிச்சின், ஹெட், மூண்டும் இருக்கோணும். இல்லாட்டி வீடெண்டு ஒத்துக்கொள்ளமாட்டாங்கள்" என்றான்.

எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். பெட் என்றால் கட்டில். கிச்சின் என்றால் குசினி. ஹெட் என்றால் குடும்பத் தலைவர். வீடு என்றிருந்தால் தலைவர் ஒருவர் வேண்டாமா? சட்டம் எழுதியவன் குடும்பஸ்தன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

ஒரு மாதத்துக்குள், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓடும் கால்வாயில், ஒடுங்கி நீண்ட பழைய படகு ஒன்றைப் பிடித்தேன். வாணியின் குசினிப் பணம் முன்பணம், மிச்சத்துக்குக் கடன். விற்ற வெள்ளைக்காரர் நேர்மையானவர். கழிவறை பழுதாகிக் கழற்றியாயிற்று, விலை குறைவு அதனால்தான் என்று இரண்டு தடவை சொன்னார். அதனாலென்ன, கட்டில் இருக்கிறது, குசினி இருக்கிறது, ஹெட்டுக்கு நான் இருக்கிறேன் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருட வரி மிச்சத்தில் இரண்டு குசினி கட்டலாம் என்று வாணிக்குச் சொன்னேன். அவள் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். "நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த ஒரு வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி அது வீடுதான் என்று வரிக்காரருக்கு நிரூபிக்கவேண்டும். அதற்குப் பால் காய்ச்சுவதைவிடச் சிறந்த ஆதாரம் உண்டா? வீடல்லாத ஒன்றில் நம்மவர் யாராவது பால் காய்ச்சுவார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து இருபத்திரண்டு பேரை அழைத்தேன். வீடியோவுக்கு ஆள் பிடித்தேன். சாட்சிக்கு என் கணக்காளர் சிவாவையும் கூப்பிட்டேன். விஷயத்தை அவனுக்கு முதலில் சொல்லவில்லை. அசத்தவேண்டும் என்று எண்ணம்.

பால் பொங்குகிற நேரம் எல்லோரும் அடுப்புப் பக்கமாக முண்டியடித்தார்கள். வீடு சரிந்தது. (தரையில் கட்டிய வீடுகளில் இந்த வசதி இல்லை.) கிழக்கே பொங்கவேண்டிய பால், வாணியின் பெரியம்மாவுடைய பட்டுச் சேலையைப் பார்த்துப் பொங்கியது. பெரியம்மாவின் கூச்சல் அடங்குமுன் வாணியின் மாமா என் தோளைத் தட்டினார். அவர் பழைய சலரோகக்காரர், சர்க்கரை வியாதியால் அடிக்கடி ஒதுங்கவேண்டியவர்.

"தம்பி, டொய்லெட் எங்கை?"

இல்லை என்றேன். அருகிலிருக்கும் சுப்பர்மார்க்கெட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. மாமாவின் முகத்தைப் பார்த்தால் அவரிடம் அவ்வளவு நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கலவரத்தில் சிவா என்னை ஒரு பக்கம் அழைத்து, எதற்காக இதை வாங்கினீர்கள் என்று கேட்டான். நான் சபைக்கே கேட்கும்படி சட்டத்தை விளக்கினேன். வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹெட் எண்டு ஆரைச் சொல்லுறியள் அண்ணை?"

"என்னைத்தான். குடும்பத்துக்கு ஹெட் நான்தானே."

சிவா நல்ல பிள்ளை. சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான். "படகுக்காரர் டொய்லெட்டைத்தான் ஹெட் எண்டு சொல்லுறவை, அண்ணை. அதோடை இது அமெரிக்கச் சட்டம். இஞ்சை டொய்லெட் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு பென்ஸ் வரியும் குறைக்கமாட்டாங்கள்."

இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மாமா மட்டும் காத்திருக்கவில்லை. பக்கத்துப் படகிலிருந்த ஒரு பெண் இரங்கி அவரைத் தன் கழிவறைக்கு அழைத்துப் போனாள். அவரைப் பார்த்துத் துணிவு பெற்ற மற்றவர்களும் பட்டுவேட்டி, பட்டுச்சேலையோடு அங்கே வரிசையில் நின்றார்கள். என் படகு காலியானது.

வாணி அடுப்பை அணைத்து, சிந்திய பாலைத் துடைத்தாள். "அப்ப என்ரை குசினி?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். துணியை வாங்கி நானும் துடைத்தேன்.

படகை நட்டத்துக்கு விற்றுக் கடனை அடைத்தேன். மிஞ்சியதை எடுத்துக்கொண்டு கட்டடக்காரரிடம் போனோம். குசினிக்கு இது காணாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு கழிவறை வேண்டுமானால் கட்டலாம் என்றார். கட்டுங்கோ என்றாள் வாணி. வேலை முடிந்ததும், செலவோடு செலவாக, அதன் கதவுக்கு ஒரு பித்தளைப் பலகை செய்வித்துப் பொருத்தினாள்: 'குடும்பத் தலைவர்'. பிள்ளைகள் இப்போது அதை வேறு பெயரால் அழைப்பதில்லை. வருகிறவர்களுக்கும் அப்படித்தான் வழி காட்டுகிறார்கள்.

போன கிழமை மாமா வந்தார். வந்தவர் நேரே போய் அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே நான் இருந்தேன். ஆர் உள்ளுக்கை என்று அவர் கேட்க, வாணி அந்தச் சின்னக் குசினியிலிருந்து பதில் சொன்னாள்.

"குடும்பத் தலைவருக்குள்ளை குடும்பத் தலைவர், மாமா. கொஞ்சம் பொறுங்கோ."