துவைத்துக் காயப்போட்ட விடைத்தாள்கள்

வாஷிங் மெஷினுக்குள் தலையை முழுசாக நுழைத்துக்கொண்டிருந்தார் சரித்திர வாத்தியார்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"நாற்பத்தொரு பேரை."

ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அந்த மெஷினுக்குள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, வீட்டு வேலையில் பங்கெடுப்போம் என்று அவருக்கு அன்று ஒரு ஞானோதயம். திரைச்சீலை, தலையணை உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டார். நாற்காலியில் தொங்கிய துணிப்பையும் அழுக்காகத்தான் இருந்தது. அதையும் போட்டார். ஆண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு அதற்குள் இருந்தது. ஒன்றுகூடத் திருத்தியிருக்கவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் போட மாட்டீங்களா?"

"பேன்ட் பாக்கெட்டை எல்லாம் பார்த்தேனே!"

பார்த்தார், உண்மைதான். ஒரு நாணயத்தைக் கண்டுபிடித்துப் பெருமையோடு மனைவியிடம் காட்டவும் செய்தார். இப்போது அவருடைய கறுப்புப் பேன்ட் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காகிதக் கூழ். முழங்கால் பக்கம் ஒரு துணுக்கில் 'பேரரசு' என்ற சொல் மட்டும் பிழைத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அழுகை வந்தது.

அழாமல் என்ன செய்வார்? ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். ஒரு முறை எட்டாம் வகுப்புக்குப் பத்தாம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை வருகைப் பதிவேட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். "மூணாவது தடவை மெமோ கிடையாது சார், நேரா வீடுதான்" என்று தலைமையாசிரியை அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார். மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை.

"அயர்ன் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

பண்ணினார். முதல் தாள் இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தாள் கருகியது. மூன்றாவது தாள் அதிசயமாக முழுசாக வந்தது. அது எதுவும் எழுதாத கடைசிப் பக்கம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடப் படியேறும்போது ஒரு யோசனை வந்தது. பள்ளி மூட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பிள்ளைகள் வரத்தான் போகிறார்கள். தாள் போனால் போகட்டும், தாளை எழுதிய தலை அப்படியேதானே இருக்கிறது? பேச்சுவாக்கில் கேட்டு, மார்க்கைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

முதலில் சிக்கியவன் ஒலிபெருக்கி. வகுப்பில் அவன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

"என்னப்பா, லீவுக்கு எங்க போறே? அது இருக்கட்டும், பேரரசு விழுந்ததுக்கு என்னென்ன காரணம்?"

ஒலிபெருக்கி அவரை மேலும் கீழும் பார்த்தான். "சார், அதான் பரிட்சையிலேயே எழுதிட்டேனே!"

"எழுதினே. ஆனா நீ சொல்லிக் கேட்டா ஒரு சந்தோஷம்."

ஐந்து காரணங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். அதில் ஒன்றை விளக்கச் சொன்னார். முழித்தான். ஐந்தையும் மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தான். வாத்தியார் பாக்கெட் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். அதை அவன் பார்த்துவிட்டான்.

பத்தே நிமிடத்தில் பள்ளி முழுக்கச் செய்தி பரவியது. சரித்திர சார் வழியில் மடக்கிக் கேள்வி கேட்கிறார்! ஒன்பதாம் வகுப்பு மாயமானது. இவர் முன்படிக்கட்டில் நின்றால் அவர்கள் பின்படிக்கட்டில் இறங்கினார்கள். நூலகத்தில் பதுங்கினார். நூலகம் வெறிச்சோடியது, ஏற்கெனவே அங்கே ஆள் வருவது குறைவு என்பது வேறு விஷயம். கடைசியில் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தூண் மறைவில் நின்றார். தண்ணீர் குடிக்காமல் யாரால் இருக்க முடியும்?

இருந்தார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். மூன்றாம் நாள் ஓர் அம்மா தலைமையாசிரியைக்குப் போன் செய்துவிட்டார். "என் பையன் ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்லைங்க. குழாய்கிட்ட ஒரு சார் நிக்கிறாராம்."

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"என்ன சார் இதெல்லாம்?"

வாத்தியார் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "புது முறை மேடம். பிள்ளைங்களோட பேசிப் பார்த்து மார்க் போடுற முறை. சும்மா, ஒரு முயற்சி."

தலைமையாசிரியை எழுந்தே நின்றுவிட்டார். "சார்! இதைத்தான் நான் ஒவ்வொரு மீட்டிங்கிலயும் கரடியா கத்துறேன், ஒருத்தர் காதுலயும் ஏறல. வெள்ளிக்கிழமை எல்லா டீச்சருக்கும் நீங்க விளக்கிச் சொல்லணும். எழுத்துப் பரிட்சை மார்க் இந்தப் பக்கம், பேசிப் போட்ட மார்க் அந்தப் பக்கம். ஒப்பிட்டுக் காட்டுங்க. விடைத்தாளையும் கொண்டு வந்துடுங்க."

ஒரு பட்டியல்கூட இல்லாமல் தவித்தவருக்கு இப்போது இரண்டு பட்டியல் தேவைப்பட்டது.

ஒரே ஒரு நல்லது நடந்தது. தலைமையாசிரியையே சுற்றறிக்கை விட்டதால் பிள்ளைகள் ஒளிவதை நிறுத்தினார்கள். வியாழக்கிழமை மதியத்துக்குள் நாற்பது பேரிடம் பேசி முடித்தார். பாக்கி ஒருத்தி. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். நிழல் என்று பிள்ளைகள் அவளுக்குப் பேர் வைத்திருந்தார்கள். ஒரு வருஷமாகப் பாடம் நடத்தியும் அவள் குரல் எப்படியிருக்கும் என்று வாத்தியாருக்குத் தெரியாது. அதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"பரிட்சையில எல்லாம் எழுதினியாம்மா?"

"இல்ல சார். அஞ்சு காரணம் கேட்டிருந்தீங்க. எனக்கு ஒண்ணுதான் காரணம்னு பட்டுது. அதை மட்டும் எழுதிட்டு, வேற கேள்வி எதுவும் எழுதாம உக்காந்திருந்தேன்."

"எந்த ஒண்ணு?"

"ராஜாவைச் சுத்தி இருந்தவங்க எல்லாரும் பயந்தாங்க சார். நடந்ததை நடந்தபடி யாரும் அவர்கிட்ட சொல்லல. பஞ்சம், கடன், போர் எல்லாம் அதுக்கப்புறம் தானா வந்தது. அப்புறம் எதுக்கு அதைத் தனித்தனிக் காரணம்னு எழுதணும்?"

அரை மணி நேரம் பேசினாள். வாத்தியார் நோட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறார், இப்படி ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. நோட்டில் தொண்ணூறு என்று எழுதினார்.

அன்று சாயந்திரம் எழுத்துத் தேர்வுப் பட்டியலைக் கற்பனையாகத் தயாரிக்க உட்கார்ந்தார். நாற்பது பேருக்கு மளமளவென்று மார்க் விழுந்தது. நிழலின் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஐந்துக்கு ஒரு காரணம் எழுதியவளுக்கு விடைத்தாள்படி பாஸ் மார்க் வராது. இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான். கூட்டிப் போட்டால் அது பொய்; யோசித்தால் மற்ற நாற்பதும் பொய்தான். நடந்ததை நடந்தபடி யாரும் சொல்லவில்லை என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே நின்றது.

பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதினார். மனைவி வாங்கிப் படித்தாள்.

"வேலை போயிடுமே."

"போயிடும்."

"சரி, போகட்டும். எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கீங்களான்னு பாருங்க" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"விடைத்தாளைத் துவைச்சுட்டு, அதுக்குப் புது முறைன்னு என்கிட்டயே பேர் வெச்சீங்களா?"

"என்ன தண்டனை வேணாலும் கொடுங்க மேடம். ஆனா அந்த மார்க்கை மட்டும் மாத்தாதீங்க. ஒவ்வொரு பிள்ளையும் பேசினதை நான் என் காதால கேட்டுப் போட்டது."

"அதெல்லாம் செல்லாது. நாற்பத்தொரு பேருக்கும் மறுபரிட்சை. உங்க விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்."

வாத்தியாருக்கு நிழலின் நினைப்புதான் வந்தது. மறுபடி ஐந்து காரணம் கேட்பார்கள். மறுபடி அந்தப் பெண் ஒன்றே ஒன்றை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

தலைமையாசிரியை மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டார். "மத்த டீச்சருங்க திருத்திக் கொடுத்த கட்டெல்லாம் வந்தாச்சு இல்ல? இங்க கொண்டு வாங்க. பொறுப்பா வேலை பார்க்கிறதுன்னா என்னன்னு சார் ஒரு தடவை பார்க்கட்டும்."

பியூன் இரண்டு நடையில் பதினாறு கட்டுகளையும் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். மார்க் பட்டியல்கள் மேலேயே செருகியிருந்தன. அறுபத்தேழரை, எழுபத்திரண்டரை என்று அரை மார்க் வரைக்கும் துல்லியம். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைமையாசிரியை மேலே இருந்த கட்டை இழுத்து அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. நகத்தால் நெம்பினார். நகம்தான் உடைந்தது. இன்னொரு கட்டை எடுத்தார். அதுவும் அப்படியே.

"என்னய்யா இது, எப்படித்தான் அவிழ்க்கிறது?"

"அவிழ்க்க வராது மேடம், கத்திரியால வெட்டத்தான் வேணும்" என்றார் பியூன். "பரிட்சை அன்னிக்கு நான் போட்ட முடிச்சு அது. பதினாறு கட்டிலயும் அப்படியேதான் இருக்கு. இந்த வருஷம் பிரிஞ்சது சாரோட கட்டு ஒண்ணுதான்."