விருந்து போட்ட வீட்டில் கங்கை

சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பேர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே கம்போடு என் வாசலில் வந்து நிற்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, சித்திரை மாசம், அந்த ஊருக்குக் கங்கை வந்தாள். காசியிலிருந்து நேராக வரவில்லை. நீரோட்டச் சித்தர் சுந்தரபாண்டியனாரின் உள்ளங்கை வழியாக வந்தாள்.

அடேயப்பா, என்ன கூட்டம்! ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். கான்சாபுரத்துக்காரர்கள் விடியுமுன்பே புறப்பட்டு நடந்து வந்தார்கள். மூன்று சுக்குக்காப்பிக் கடை முளைத்தது. தண்ணீர் இல்லாத ஊரில் காப்பிக்குத் தண்ணீர் ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இருந்தால் சித்தருக்கு அங்கே என்ன வேலை?

சித்தரின் வித்தை இதுதான். குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். பூமிக்குள் நீரோட்டம் இருந்தால் தேங்காய் சடாரென்று எழுந்து நிற்கும். உடனே, "இங்கே தோண்டு! முப்பதடி!" என்பார். எந்த ஊரானாலும் முப்பதடிதான். கங்கைக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது போலிருக்கிறது.

அதே ஊரில் ஆறு மாசமாக இன்னொருத்தியும் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தாள். பேர் ஜெயபாய். வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பெண். பட்டணத்துச் சர்வகலாசாலையில் படித்தவள். 'இந்த வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் கோடையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, ஆராய்ந்து சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் குடிநீர்க் கிணறு வெட்டப்போகிறோம்' என்று சர்க்கார் சர்வகலாசாலைக்கு மானியம் கொடுத்திருந்தது. சர்வகலாசாலை இவளை அனுப்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, தினமும் வந்து, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணறு கிணறாக இறக்கி, நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். பார்க்க என்ன இருக்கிறது? கற்பூரம் உண்டா, உடுக்கு உண்டா? ஒரு ஈ கூட வேடிக்கை பார்க்க வரவில்லை.

அந்த வருஷம் ஊருக்குச் சர்க்கார் வெட்டித் தருவது ஒரே ஒரு கிணறு. இடம் தப்பினால் அடுத்தது எப்போது என்று சர்க்காருக்கே தெரியாது. கீழத்தெரு வெள்ளத்தாய்க்கு அது நன்றாகத் தெரியும். கூலிக்காரி. அவள் தெருவே மாடு குளிக்கிற ஊருணித் தண்ணீரைத்தான் குடித்தது. போன கோடையில் பேதி வந்து அவளுடைய ஆறு வயசு மகள் ஒரே நாளில் செத்துப்போனாள். அவளும்தான் சித்தரைக் கும்பிட்டாள். கும்பிடாமல் என்ன செய்வாள் பாவம்?

ஊர்த்தலைவர் சேதுபதி சித்தரைத் தம் வீட்டில் வைத்து மூன்று நாள் விருந்து போட்டார். நாலாம் நாள் சித்தர் ஊர் முழுக்க நடந்தார். ஆச்சரியத்தைக் கேளுங்கள்! தேங்காய் சேதுபதியின் தோட்டத்தில்தான் எழுந்தது. பருத்திக்கும் வாழைக்கும் நடுவே, வேலிக்கு உள்ளே! அந்த இடத்திலேயே முளை அடித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இடத்தை முடிவு செய்ய டிப்டி கலெக்டர் வந்தார். சேதுபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, இந்தப் பிள்ளை ஆறு மாசமா கெணத்தை எட்டி எட்டிப் பாக்குது. சித்தரு ஆறு நிமிசத்துல சொல்லிட்டாரு. மிச்ச மானியத்தை அவியளுக்கே குடுத்துட்டா சர்க்காருக்கும் லாபம், ஊருக்கும் புண்ணியம்."

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம். "பொம்பளப் பிள்ளைக்குத் தண்ணி இருக்க எடம் என்ன தெரியும்?"

"கொடம் தூக்குறது யாரு, உங்க மாமனா?" என்றாள் ஜெயபாய். கூட்டத்திலிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

ஜெயபாய் நோட்டைப் பிரித்தாள். "ஐயா, கெணத்தை மட்டும் நான் எழுதலை. சித்தரையும் எழுதியிருக்கேன். இந்த வட்டாரத்துல பதினோரு ஊர்ல தேங்காய் எந்திரிச்சிருக்கு. பதினோரு எடத்துலயும், முந்தின நாள் ராத்திரி சித்தரு எந்த வீட்டுல சாப்பிட்டாரோ அந்த வீட்டுத் தோட்டத்துலதான் எந்திரிச்சிருக்கு. தோண்டினது ஏழு. தண்ணி வந்தது ரெண்டு. அந்த ரெண்டும் கம்மாய்க்கரையில இருக்கு. அங்க தேங்காய் இல்லாமலே தண்ணி வரும்."

சித்தர் சீறினார். "வேதக்காரப் பிள்ளை பக்கத்துல நின்னா கங்கை மொகத்தைத் திருப்பிக்குவா!"

"வேதக்காரவுக வீட்டுக் கெணத்துலயும் தண்ணி ஊறத்தானே செய்யுது சாமி?" என்றார் டிப்டி கலெக்டர்.

"சண்டை எதுக்கு?" என்றாள் ஜெயபாய். "சாமி, நீங்க கண்ணால பாக்குறீங்களா, கையால உணர்றீங்களா?"

"கண்ணு எதுக்கு? கங்கை என் கையிலல்லா பேசுதா!"

"அப்பக் கண்ணைக் கட்டிக்கிட்டு நடங்க. முளை அடிச்ச எடத்துலயே தேங்காய் எந்திரிச்சா, நான் இன்னிக்கே ரயிலேறிப் போறேன். நோட்டை நீங்களே அடுப்புல வைங்க."

சித்தர் சேதுபதியைப் பார்த்தார். சேதுபதி வானத்தைப் பார்த்தார். சொன்ன வார்த்தையை விழுங்க முடியுமா? கட்டினார்கள் துணியை, இரண்டு மடிப்பாக. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று டிப்டி கலெக்டர் உத்தரவு போட்டார். ஜெயபாய் சித்தரின் முழங்கையைப் பிடித்து நாலு சுற்று சுற்றிவிட்டு நடத்தினாள்.

முளையின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். தேங்காய் படுத்திருந்தது. திருப்பிக் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்தினாள். அப்போதும் நல்ல தூக்கம். சேதுபதி தொண்டையைக் கனைக்கப் போனார். டிப்டி கலெக்டர் திரும்பிப் பார்த்ததும் கனைப்பு வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது.

அப்புறம் வேலியைத் தாண்டி, பாதையைத் தாண்டி, எங்கெங்கோ சுற்றி நடத்திக்கொண்டு போனாள். செத்த நேரம் கழித்து ஓரிடத்தில் நின்றார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, தேங்காய் தூங்கியதைப் பார்த்ததிலிருந்து எதையோ யோசித்துக்கொண்டே பின்னால் வந்த வெள்ளத்தாய் சத்தமாகச் சொல்லிவிட்டாள்: "சாமி, சேதுபதி ஐயா தோட்டத்துக்குள்ள வந்துட்டோம். பாத்து நடங்க, வாழை இருக்கு."

தேங்காய் துள்ளி எழுந்தது!

"இதோ கங்கை! கொப்பளிக்கிறா! முப்பதடி!" என்று சித்தர் ஆனந்தக் கூத்தாடினார்.

துணியை அவிழ்த்தார்கள். இரண்டு எட்டுக்கு முன்னால் ஒரு பாழ்குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அது சேதுபதி தோட்டமே இல்லை; எல்லையை ஒட்டிய பக்கத்து ஊர் ஆவுடையப்பனின் புஞ்சை. இரண்டு வருஷத்துக்கு முன் இதே சித்தர் காட்டிய இடம். கூட்டத்தில் நின்ற ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே படுபாவி! அன்னிக்கும் இதே எடத்துலதான் கொப்பளிக்கிறான்னு சொன்ன! அறுபதடி தோண்டினேன். புழுதிதாம்ல வந்துது! என் பொஞ்சாதி தாலிச் செயினை வித்த பணம் அந்தக் குழிக்குள்ளதாம்ல கெடக்கு!"

வெள்ளத்தாய் சித்தர் கையிலிருந்த தேங்காயைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் படுக்க வைத்தாள். விரல்களை லேசாக மடக்கினாள். எழுந்தது. விட்டாள். படுத்தது.

"ஏட்டி, இங்க பாரு! எனக்கும் எந்திரிக்கி!" என்று கூட்டத்துப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் குரல் உடைந்துபோய், "இம்புட்டுத்தானா? இதுக்கா கும்பிட்டேன்?" என்றாள்.

கூட்டம் சித்தரைத் தேடுவதற்குள் சித்தர் ராஜபாளையம் பாதையில் பாதி தூரம் போயிருந்தார். நீரோட்டம் காட்ட வந்தவர் அன்றைக்குத்தான் நிஜமாகவே வேகமாக ஓடுகிற ஒன்றைக் காட்டினார்: தம் கால்களை.

மறுநாள் டிப்டி கலெக்டர் உத்தரவுப்படி கீழத்தெரு மேட்டில் ஜெயபாய் முளை அடித்தாள். அடித்து நிமிர்கிறாள், கூட்டம் கூட்டமாக வந்து நிற்கிறது ஊர்! கையில் மாலை, தட்டில் மஞ்சள், கற்பூரம். "கங்காதேவியே நேர்ல வந்திருக்காக!" என்று ஒருத்தர் காலில் விழுந்தார்.

ஜெயபாய்க்கு வந்தது பாருங்கள் கோபம்! "எந்திரிங்க! நேத்து அவரு சொன்னதை ஏன்னு கேக்காம நம்புனீங்க. இன்னிக்கு நான் சொல்றதையும் ஏன்னு கேக்காம நம்புதீங்க. எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் வச்சீங்க?"

கற்பூரம் அணைந்தது. வெள்ளத்தாய் மட்டும் முன்னால் வந்தாள்.

"சரி தாயி, கேக்கேன். ஏன் இங்கன?"

ஜெயபாய் முகத்தில் ஆறு மாசத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. நோட்டைத் திறந்து காட்டினாள். "ஓடைக்குக் கிழக்க இருக்க அஞ்சு கெணத்துலயும் சித்திரையிலகூடத் தண்ணி வத்தலை. மத்ததெல்லாம் மாசியிலயே காஞ்சுபோகுது. அந்த அஞ்சுலயும் அடியில மணல். அந்த மணல் இந்தப் பக்கமாத்தான் வருது. உங்க தெரு அது மேல இருக்கு. நாப்பத்திரண்டு அடியில கெடைக்கும்னு நெனைக்கேன்."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்புன்னு எழுதுவேன். ஏன் தப்புச்சுன்னு பாத்துட்டுப் பொறவு சர்க்காருக்குச் சொல்லுவேன்."

"சித்தரு ஒரு நாளும் இப்படிச் சொல்லலையே" என்றாள் வெள்ளத்தாய்.

முப்பத்தெட்டு அடியில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தாய் முதல் வாளித் தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு, குடிக்காமல், அழுதாள். ஜெயபாய் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதினாள்: 'என் கணக்கில் நாலடி பிழை.'

ஐயா, நாலடி பிழை என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு மானியம் கொடுங்கள். நான் தப்பவே மாட்டேன் என்று ஒருத்தன் வந்து நின்றால், கும்பிடத் தூக்கிய கையை இறக்கி முதலில் உங்கள் மடியிலுள்ள பணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.