ஓட்ட மெசினில் ஒரு கும்பிடு

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோயில் கண்ணில் பட்டால் கை தானாக எழும்பிவிடும். மூளையிடம் அது அனுமதி கேட்பதில்லை. கார் ஓட்டும்போதென்றால் ஒரு கையை ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் நெஞ்சைத் தொட்டுச் சமாளித்துவிடலாம். (போக்குவரத்து நிலைமையைச் சாமியும் விளங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான்.) ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் ட்ரெட்மில்லின் மேல் ஓடியபடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணையும் மூடிக் கும்பிட்டவன், எனக்குத் தெரிய, நாங்கள் இருக்கும் கிரவீன் பகுதியில் நான் ஒருவன்தான்.

அந்த ட்ரெட்மில் பக்கத்து வீட்டுச் செந்தில் தந்தது. கோயம்புத்தூர்க்காரர். "எடுத்துக்கோங்க அண்ணா, எங்க வீட்ல துணி காயப்போடத்தான் யூஸ் ஆகுது" என்று தானே தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கராஜில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் அரிசி மூட்டைகள், பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற மெசின், முன்னால் ஒரு பழைய ரீவி. எங்கள் வீட்டிலும் அதில் உடுப்புத்தான் காய்ந்திருக்கும், என் அண்ணை மட்டும் ஓடத் தொடங்கியிருக்காவிட்டால்.

அண்ணை இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் ஊரைவிட்டுப் போனபோது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. இப்போது அதில் பாதி நரை. இடையில் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவேயில்லை. நான் கப்பலில் (கப்பல் என்பது மரியாதைக்கு, உண்மையில் அது மீன்பிடி வள்ளம்) இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவன். தற்காலிக விசாவில் இருந்தவரை வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் அண்ணை எனக்கு ஒரு குரலாகவும் வட்சப்பில் ஒரு சின்ன வட்டப் படமாகவும்தான் இருந்தார்.

அவருக்குச் சீனி வருத்தம் வந்து, டொக்டர் ஓடச் சொல்ல, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைகளில் ஓடத் தொடங்கினார். போனை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஓடி, ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடியோவை எனக்கு அனுப்புவார். அந்த இடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அலை அலையாகப் பச்சைப் புல்மேடுகள். புல்லைச் சுரண்டினால் உள்ளே முழுக்க வெண்கட்டி, நாங்கள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதின அதே வெண்கட்டி. ஆள் நடந்த இடமெல்லாம் வெள்ளைப் பாதையாகக் கிடக்கிறது. ஒரு மலைச்சரிவில் புல்லைச் செதுக்கிப் பெரிய வெள்ளைக் குதிரை வரைந்திருக்கிறார்கள். அண்ணை மூச்சிரைக்க வர்ணனை சொல்லுவார்.

"இது ஆதிகாலத்துச் சனம் கீறின குதிரையடா. அந்தா, அந்த மேடு இருக்கெல்லே, அது அவையளின்ர ராசாவைத் தாட்டுப் புதைச்ச இடமாம். அங்கால நட்ட கல்லுகளும் இருக்கு. எல்லாம் கும்பிட்ட இடங்கள்."

அந்த வீடியோவை ரீவியில் போட்டுவிட்டு ட்ரெட்மில்லில் ஏறுவேன். அண்ணை ஓட நானும் ஓடுவேன். அவர் ஏற்றத்தில் இழுத்துப் பறித்து ஏறும்போது நான் தண்ணீர் குடிப்பேன். (என் மெசினில் ஏற்றம் கிடையாது, அது பழுது.) இறக்கத்தில் இரண்டு பேரும் வீராதி வீரர்கள். குதிரையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், வேலியில் இருந்த ஒரு மரப் படலைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் அண்ணை தவறாமல் சொல்லுவார்:

"கல்லு வருது, பாத்து!"

உடனே ஒரு கல் வரும். ஆளுயரம், அடிப்பக்கம் அகன்று, உச்சி மழுங்கி, வெண்கட்டித் தூசு படிந்து விபூதி பூசியதுபோல நிற்கும். ஒரு கோணத்தில் பார்த்தால் பிள்ளையார். கும்பிட்ட கல் என்று அண்ணையே சொல்லிவிட்டார், பார் என்றும் சொல்லுகிறார். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நெஞ்சைத் தொடுவேன். ஒரு நொடியில் கல் போய்விடும். மாதக்கணக்காக இந்த வழிபாடு ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

பிறகு நிரந்தர விசா வந்தது. இங்கிலாந்து விசாவும் வந்தது. அண்ணை போனில் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தினார். "நீ வா. ரெண்டு பேரும் அந்த மலையில ஒண்டா ஓடுறம்!" நான் யோசிக்காமல் "ஓடி வாறன்" என்றேன்.

என் மனைவி வதனி யோசித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்க விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிறவளுக்கு, விழப்போகிறவனைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

"இஞ்சாருங்கோ, ரீவியில ஓடுறதும் மலையில ஓடுறதும் ஒண்டோ? நடுமலையில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டால் ஆர் தூக்கிறது? உங்கட அண்ணையும் வருத்தக்காரன்."

"நான் முழுத்தூரமும் ஓடுறனான்."

"அப்ப எனக்கு முன்னால ஓடிக் காட்டுங்கோ. நிக்காமல் ஓடினால் டிக்கெட் போடுவம். இல்லாட்டி அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருசம், அடுத்த வருசம் என்றுதான் இத்தனை வருசம் போயிருந்தது. அந்தச் சொல் எனக்குப் பயம். சரி என்றேன்.

சோதனை ஒரு சனிக்கிழமை பின்னேரம். அங்கே அண்ணைக்குக் காலை. பழைய வீடியோ வேண்டாம், அவர் நேரடியாக ஓடிக் காட்டுவார், நானும் கூடவே ஓடுவேன் என்று ஏற்பாடு. மகள் அபி போனை ரீவியில் இணைத்துத் தந்தாள். வதனி கதிரை போட்டு, கையில் தேத்தண்ணியோடு, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி இருந்தாள். மெசினில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அதைச் சட்டையில் கொழுவினால், விழும்போது மெசின் தானாக நின்றுவிடும்.

"அப்பா, சேஃப்டி கிளிப்!" என்றாள் அபி.

கைக்குழந்தைக்கு அரைநாண் கட்டுவதுபோல எனக்கு அது மானக்கேடாகத் தெரிந்தது. "நான் என்ன விழவே போறன்?" என்று கேட்டேன். (இந்த வசனத்தை அபி இன்றுவரை மறக்கவில்லை.)

நன்றாகத்தான் ஓடினேன். ராசாவின் மேடு போனது, குதிரை போனது. வதனியின் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது, ஒருவேளை இந்த மனுசன் ஓடிவிடுவானோ என்று. அண்ணையின் மூச்சும் என் மூச்சும் ஒன்றாகக் கேட்டன. படலை தெரிந்தது.

"கல்லு வருது, பாத்து!"

கல் வந்தது. வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. மலையில் சிக்னல் குறைந்துவிட்டது. படம் உறைந்து, ரீவி நிறைய அந்தக் கல் மட்டும் நிற்கிறது. சத்தம் வந்துகொண்டிருந்ததால் அண்ணை ஓடுவது கேட்கிறது. நானும் ஓடுகிறேன். எதிரே சாமி நிற்கிறது.

ஒரு நொடியென்றால் ஒற்றைக் கையால் சமாளிக்கலாம். இது போகவே மாட்டேன் என்கிறது. தெய்வம் முகத்துக்கு முகம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எவ்வளவு நேரம் காணாதவன் மாதிரி ஓடுவது? அதுவும் வேண்டுதல் உள்ளவன்! அப்பனே, அண்ணையைக் காட்டிவிடு என்று இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. பக்தி முற்றிக் கண்ணும் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அபி சொல்லித்தான் தெரியும். கும்பிட்ட கை கும்பிட்டபடியே, நான் கராஜின் பின்பக்கம் நோக்கிப் பயணமானேனாம். அரிசி மூட்டையில் மோதினேன். மூட்டை வெடித்தது. சிவப்பரிசி ஒரு மழையாகப் பெய்தது. என் வலது கால் எனக்குக் கீழே, வரக்கூடாத ஒரு கோணத்தில் கிடந்தது. ஆளில்லாத மெசின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ரீவியில் கல் நின்றது. உள்ளேயிருந்து அண்ணையின் குரல்: "டேய் சின்னவன், வாறியோ? சத்தத்தைக் காணேல்லை?"

நான் அழுதேன். வலி இருந்தது, ஆனால் அழுதது அதற்கில்லை. அடுத்த வருசம் என்ற சொல் வரப்போகிறது என்று அழுதேன். சத்தம் கேட்டு ஓடிவந்த செந்தில், "என்ன அண்ணா ஆச்சு?" என்று கேட்க, அபி, "அப்பா வாஸ் ப்ரேயிங்" என்றாள். செந்தில் என்னையும் பார்த்து, மெசினையும் பார்த்து, வேறு ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தார்.

கணுக்கால் முறிவு. வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த வெண்கட்டி மலையில் ஒரு துண்டை வெட்டிக் காலில் மாட்டியதுபோல இருந்தது. நான்காம் நாள் வதனி குசினி அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"டிக்கெட் போட்டாச்சு. மூண்டு பேருக்கும்."

"சோதினையில நான் பெயிலெல்லே?"

"ஓடத்தானே ஏலாது. கண் நல்லாத்தானே இருக்கு? போய்ப் பாருங்கோ உங்கட அண்ணையை."

அப்படியாக, ஓடி வருகிறேன் என்று சொன்னவனை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் ஓட்டச் சட்டை வாங்கி, ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆள் மெலிந்து, அப்பாவின் முகம் வந்திருந்தது. "டேய், ஓடி வாறன் எண்டனீ" என்றார். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த மலைக்குப் போனோம். காரை மேலே விட்டுவிட்டு, ஊன்றுகோலில் நொண்டி நொண்டிப் படலைவரை வந்தேன். கல் நின்றது. "இதுதான் அண்ணை நான் கும்பிட்ட கல்" என்று பணிவாகச் சொன்னேன்.

அண்ணை கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதையோ? டேய், இது ஆவுரஞ்சிக் கல்லடா! செம்மறி வந்து முதுகு உரஞ்சிறதுக்கெண்டு பண்ணைக்காரன் நட்டது. ஆதிகாலத்துக் கல்லெல்லாம் அங்கால காட்டுக்குள்ள. நான் அந்தப் பக்கம் ஓடுறதே இல்லை."

அப்போதும் ஒரு செம்மறி அங்கே நின்று, தன் பின்பக்கத்தை என் பிள்ளையாரில் ஆறுதலாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஒவ்வொரு முறையும் கல்லு வருது, பார் எண்டு சொன்னது?"

"பார் எண்டு எங்கையடா சொன்னனான்? கீழ பார், பாதை முழுக்கச் சல்லிக்கல்லு. இந்த இடத்தில நான் ரெண்டு தரம் விழுந்தனான். பாத்து எண்டால் கவனம் எண்டெல்லே? நீ பக்கத்தில ஓடி வாற மாதிரித்தான் எனக்கு நினைப்பு. விழுந்திடுவாய் எண்டு சொன்னனான்."

நான் விழுந்துவிடக் கூடாதென்று அத்தனை சனிக்கிழமையும் மனுசன் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் நான் விழுந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் கை இரண்டும் தானாக எழும்பிவிட்டன. ஊன்றுகோல்கள் இரண்டும் இரண்டு பக்கமும் விழுந்தன. செம்மறி ஓடியது. நானும் சரிந்தேன். ஆனால் இந்த முறை பக்கத்தில் அண்ணை நின்றார். இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அபி அதை வீடியோ எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுப் பிறந்தநாள் எல்லாவற்றிலும் கேக் வெட்டியதும் அதைத்தான் போடுகிறார்கள், செந்தில் குடும்பம் உட்பட. ஓட்டச் சட்டையில் வதனி அந்தச் சிவப்புக் கயிற்றை ஊசி நூலால் தைத்தே விட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பினாலே யாராவது ஒருவர் "கல்லு வருது, பாத்து!" என்பார்கள். சனிக்கிழமைகளில் அண்ணை இப்போதும் ஓடுகிறார், நானும் கராஜில் ஓடுகிறேன். படலை வந்ததும் அவர் சொல்லுவது மட்டும் மாறியிருக்கிறது.

"டேய், கம்பியைப் பிடி."